ஏழரை

ஆய்வகத்தில் நாற்பது மடிக்கணினி.
எழுந்து உட்காருபவை இருபத்தாறு.
மிச்சம் பதினான்கும்
மூடியைத் திறந்தால் நம் முகத்தையே காட்டும்,
கறுப்பாக.

மூன்று பேருக்கு ஒன்று என்றார் ஷகிலாபானு மிஸ்.
நான், நிரோஷா, பவுலின்.
எங்களுக்கு வாய்த்ததற்கு சார்ஜர் இல்லை.
மூலையில் பேட்டரி படம், பக்கத்தில் முப்பத்தொன்று.
"இது தீர்றதுக்குள்ள கத்துக்கணும்டி" என்றாள் பவுலின்,
தண்ணி லாரிக்குக் குடம் தூக்கி ஓடும் அவசரத்தில்.

முதலில் அம்பு.
விரலை வைத்து இழுத்தால் போகும் என்றார்கள்.
பவுலினுக்குப் போனது.
எனக்கும் போனது, சொன்னதைவிட அதிகமாகப் போய்
திரையோரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.
நிரோஷாவுக்கு நகரவே இல்லை.

விடிகாலை நாலு மணியிலிருந்து
காசிமேட்டு ஷெட்டில், ஐஸ் தண்ணியில்,
எறா உரித்துவிட்டு வருகிற விரல் அது.
நுனி வெளுத்துச் சுருங்கி
ஓடு கிழித்த இடமெல்லாம் சின்னச் சின்ன வாய்.
டச்பேட் அதை விரல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை.
சீருடைக் கோட்டில் துடைத்துப் பார்த்தாள்.
ஊதிப் பார்த்தாள்.
"மிஸ், இதுக்கு என்னப் புடிக்கல மிஸ்."
மிஸ் ஒன்றும் சொல்லாமல்
தன் பையிலிருந்து ஒரு மவுஸ் எடுத்து
வாலைச் சொருகிவிட்டுப் போனார்.

கீபோர்டு,
பிரேயரில் யாரோ மாற்றி நிறுத்திய வரிசை.
ஏ பக்கத்தில் எஸ், எஸ் பக்கத்தில் டி,
பி எங்கேயோ கடைசி பெஞ்சில்.
என்டர் தட்டினால் கீழே இறங்கும்.
பேக்ஸ்பேஸ் தட்டினால் சொன்ன சொல்லை விழுங்கும்.
ஒரு கோடு மட்டும் துடித்துக்கொண்டே நிற்கும்,
அப்புறம்? அப்புறம்? என்று.

"ஏதாச்சும் அடிங்க" என்றார் மிஸ்.
எல்லோரும் அவரவர் பெயரை அடித்தார்கள்.
சிலர் நடிகர் பெயரை.
நிரோஷா எண்களை அடித்தாள், ஒற்றை விரலால்.

9
11
8.5

(அந்தப் புள்ளியைத் தேடக் குனிந்ததில்
மூன்று தலையும் முட்டிக்கொண்டன.)

10
7
12

"இன்னாடி இது?"
"போன வாரம் நானும் அம்மாவும் உரிச்ச எறா.
ஓனரு அம்பதுன்னு எழுதிக்கினாரு."

கூட்டுவது எப்படி மிஸ் என்று கேட்டோம்.
"அது அடுத்த செவ்வாய்க்கிழமை.
இன்னிக்கி சேமிக்கிறது மட்டும்."

கூட்ட எங்களுக்குக் கணினி தேவைப்படவில்லை.
பவுலின் விரல் மடக்கி முடித்துவிட்டாள்.
ஐம்பத்தேழரை.
"ஏழரையா!" என்று பின்வரிசை சிரித்தது.
"ஏழரதான்" என்றாள் நிரோஷா, சிரிக்காமல்.
"கிலோவுக்கு இருபது ரூபா."
மறக்காத ஒரு சாட்சிதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பேட்டரி நாலு.
கன்ட்ரோல் எஸ் இரண்டு பேர் செய்யும் வேலை.
நான் கன்ட்ரோலை அமுக்கிப் பிடிக்க
அவள் எஸ்ஸைத் தட்டினாள்.
என்ன பெயர் வைக்க என்று கேட்டது.
ஏழரை என்று ஆங்கில எழுத்தில் அடிக்கப் போய்
'ழ'வுக்கு எதைத் தட்டுவது என்ற சண்டை தீருமுன்
திரை அணைந்தது.

பதிந்ததா?
பிள்ளைகள் மாடிப்படி இறங்கிவிட்டார்கள்.
நாங்கள் மூவரும் அந்தக் கறுப்பையே பார்த்திருந்தோம்.

அடுத்த செவ்வாய், மணி அடிக்கும் முன்பே போய்
பக்கத்து மேசை சார்ஜரைப் பிடுங்கிச் சொருகினோம்.
நெடுநேரம் வட்டம் சுற்றியது.
பிறகு ஒரு சின்னப் பெட்டி:
முடிக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது, மீட்கவா?

புயல் எச்சரிக்கை, நாலு நாளாகப் படகு போகவில்லை.
எறாவும் இல்லை, கூலியும் இல்லை.
விரல் மட்டும் கொஞ்சம் ஆறியிருந்தது.
நிரோஷா மவுஸை ஓரமாகத் தள்ளிவிட்டு
வெறும் விரலை டச்பேடில் வைத்தாள்.

அம்பு மெல்ல அசைந்தது,
'ஆம்' இருக்கும் பக்கமாக.